எண்ணெய் தொடாதவர் ஈரலில் கொழுப்பு

கடலூர்ச் சாலையில் தவளக்குப்பம் சந்திப்பை அடைந்து, அங்கிருந்து மேற்கே திரும்பினால் அபிஷேகப்பாக்கம். சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒருநாள் மாலை, அவ்வூரில் நமக்கு நெடுநாளாய்ப் பழக்கமான ஒரு குடும்பத்தைக் காணச் சென்றிருந்தோம். குடும்பத் தலைவருக்கு வயது 48. சிறிது நிலம் உண்டு. நெல்லும் கரும்பும் பயிரிடுபவர். நம்மைக் கண்டதும் திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே சென்றவர், ஒரு மருத்துவமனைக் காகிதத்துடன் திரும்பினார். வயிற்றை ஸ்கேன் செய்து எழுதிய அறிக்கை அது. கல்லீரலில் இரண்டாம் நிலைக் கொழுப்பு என்று கண்டிருந்தது.

"சாமி, நீங்களே படித்துப் பாருங்கள். எட்டு வருஷமாய் எண்ணெய்ப் பலகாரம் தொட்டவனில்லை நான். முட்டையில் மஞ்சட் கருவை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் தின்கிறேன். சாராயம் என் வாயில் பட்டதே கிடையாது. எனக்கு எப்படி ஈரலில் கொழுப்பு வரும்?"

கேள்வி நியாயமானதே. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு இரத்ததான முகாமில் இரத்தம் கொடுத்த இவருக்கு, சில நாட்களில் ஒரு செய்தி வந்தது: இவரது இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி எனும் கிருமி இருக்கிறது என்பதே அது. உடம்பில் ஒரு குறையும் இல்லை. கண்ணில் மஞ்சள் இல்லை. ஆயினும் 'காமாலைக் கிருமி' என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்ததும், அன்று முதல் அவருக்குக் காமாலைப் பத்தியம் தொடங்கிவிட்டது. எண்ணெய் விலக்கு, காரம் விலக்கு, மீன் குழம்பும் விலக்கு. அவற்றுக்கு ஈடாகக் காலையில் ஒரு செம்பு குளுக்கோஸ் தண்ணீர், பகலில் கரும்புச் சாறு, இரவில் சர்க்கரை போட்ட கஞ்சி. இவற்றையெல்லாம் மேற்பார்வை செய்பவர் அவருடைய வயது முதிர்ந்த தாயார். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாள் நமக்குத் தேநீரும், மகனுக்குப் பெரிய டம்ளர் நிறையக் கரும்புச் சாறும் கொண்டுவந்து வைத்தார்.

அவர் கேட்ட கேள்விக்கு விடை அந்த டம்ளரிலேயே இருந்தது. ஆனால் அன்று நமக்கு அது தெரியவில்லை. நாம் மருத்துவரல்லோம். நமக்கு அறிமுகமான ஒரு மருத்துவரிடம் பலமுறை கேட்டும், அவர் கொடுத்தவற்றைப் படித்தும் தெளிந்ததையே இங்கு எழுதுகிறோம். இதே பத்தியத்தை இதே நம்பிக்கையுடன் கைக்கொள்ளும் வீடுகள் வில்லியனூர், பாகூர்ப் பக்கங்களில் பல உண்டு என்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

முதலில் காமாலை என்னும் சொல்லைப் பற்றி. நம் மக்கள் அதனை ஒரு நோயின் பெயராகவே வழங்குகின்றனர். உண்மையில் அது ஓர் அடையாளம் மட்டுமே. கண் மஞ்சளாதற்குக் காரணங்கள் பல. அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ ஆகியவை பெரும்பாலோரிடம் சில வாரங்களில் தாமாகவே அடங்கிப் போகும். அந்நாட்களில் பசியற்றுக் கிடக்கும் நோயாளிக்கு இனிப்பு நீர் சற்றுத் தெம்பளிக்கும். அதனால் பெருந்தீங்கு ஒன்றுமில்லை. கீழாநெல்லி கொடுத்தவருக்கும் மந்திரித்தவருக்கும் பெயர் கிடைப்பது இந்தத் 'தாமாகவே அடங்கும்' வகையினால்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. ஹெபடைடிஸ் பி-யும் சி-யும் வேறு இனம். இவை இரத்தத்தினாலும், உடலுறவினாலும், சுத்தம் செய்யாத ஊசியினாலும், பிரசவ வேளையில் தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுபவை. பலரிடம் ஆயுள் முழுவதும் அரவமின்றித் தங்கிவிடுபவை. சில வாரக் காமாலைக்கு ஏற்பட்ட பத்தியத்தை, ஆயுட்காலக் கிருமிக்கு எட்டு ஆண்டு நீட்டியதே இந்த வீட்டில் நேர்ந்த பிழை.

இனி, கொழுப்பு எங்கிருந்து வந்தது? இலத்தீன் மொழியில் கல்லீரலுக்கு 'யேக்குர்' என்று பெயர். பண்டைய உரோமையர் வாத்துகளுக்கு அத்திப்பழத்தை ஊட்டி ஊட்டி அவற்றின் ஈரலைப் பருக்கச் செய்து, அதை விருந்தில் படைத்தனர். அத்தியினால் பருத்த ஈரலை 'யேக்குர் ஃபிக்காத்தும்' என்றனர். நாளடைவில் முதற்சொல் மறைந்து, 'அத்தி ஊட்டப்பட்டது' எனப் பொருள்படும் பிற்சொல்லே ஈரலுக்குப் பெயராகி, இத்தாலியரின் 'ஃபேகாத்தோ'வும் பிரெஞ்சுக்காரரின் 'ஃபுவா'வும் அதிலிருந்து பிறந்தன. குரு மடத்தில் இலத்தீன் பயின்ற நாட்களில் இதை ஒரு வேடிக்கையாகவே கேட்டோம். இன்று பிரெஞ்சு தேசத்தில் 'ஃபுவா கிரா' எனும் கொழுத்த ஈரலுக்காக வாத்துகளுக்குத் தொண்டை வழியே திணிக்கப்படுவது மக்காச்சோளம். அன்று கனி, இன்று தானியம். வாத்துக்கு எவரும் எண்ணெய் ஊட்டவில்லை. ஆயினும் அதன் ஈரல் நெய்க்கட்டியாகிறது.

மனிதரிடமும் ஏறத்தாழ இவ்வாறே நிகழ்கிறது. நாம் உண்ணும் சோறும் சர்க்கரையும் குடலில் செரித்து, இரத்தத்தில் கலந்து, முதலில் கல்லீரலைச் சென்றடைகின்றன. அதில் ஒரு பகுதியைக் கல்லீரல் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளாகச் சேமித்து வைக்கிறது. அந்தக் குதிரோ சிறியது. குதிர் நிறைந்த பின்னும் வண்டி வண்டியாக நெல் வந்து இறங்கினால் என் செய்வது? எஞ்சியதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. சர்க்கரையிலும் கரும்பின் இனிப்பிலும் பாதியளவு ஃபிரக்டோஸ் என்பது. அதைப் பெரும்பாலும் கல்லீரலே ஏற்றுக் கையாள வேண்டியிருப்பதால், அது இன்னும் எளிதாகக் கொழுப்பாகிறது. இதற்கிடையில் வயிறு பருத்து, இன்சுலின் சரிவர வேலை செய்யாது போனால், வயிற்றுக் கொழுப்பும் கரைந்து கல்லீரலுக்கே வந்து சேருகிறது. உடல் பருத்த நோயாளிகள் சிலரிடம் அமெரிக்காவில் நடத்தப்பெற்று 2005-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஈரற் கொழுப்பில் 59 விழுக்காடு உடற்கொழுப்பிலிருந்து வந்தது. 26 விழுக்காடு ஈரலே புதிதாக உண்டாக்கியது. உண்ட கொழுப்பிலிருந்து நேரே வந்தது 15 விழுக்காடு மட்டுமே. நம் நண்பர் எட்டு ஆண்டுகளாக அந்தச் சிறு வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, இரு பெருங்கதவுகளையும் அகலத் திறந்து வைத்திருந்தார்.

கல்லீரலின் உயிரணுக்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்டவற்றில் கொழுப்புத் துளிகள் காணப்படின் அதனைக் கொழுப்பு ஈரல் என்கின்றனர். குடிப்பவர்க்கே வருவது என்று ஒரு காலத்தில் எண்ணப்பட்டது. இன்று அவ்வாறில்லை என்பதற்குப் புதுச்சேரியே சாட்சி. 2008 முதல் 2020 வரை நாடெங்கும் நடத்தப்பெற்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வில், இருபது வயதுக்கு மேற்பட்டோரில் உடற்பருமன் உள்ளோர் புதுச்சேரியில் 53.3 விழுக்காடு, இந்தியா முழுவதற்கும் 28.6. இவ்வகையில் நாட்டிலேயே முதலிடம் நமக்கே. நீரிழிவில் கோவா 26.4, நாம் 26.3. வேண்டாத போட்டி! நடவும் அறுவடையும் இயந்திரத்திடம் போய்விட்டன. பக்கத்துத் தெருவுக்கும் இரு சக்கர வாகனம். ஆனால் தட்டில் சோற்றின் உயரம் மட்டும் ஏர் உழுத காலத்து உயரமாகவே இருக்கிறது. பருமனும் நீரிழிவும் மலிந்த இடத்தில் ஈரற் கொழுப்பு மலிவது இயல்பு.

மற்றொரு பக்கம், உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-ல் இந்தியாவில் ஹெபடைடிஸ் பி உடையோர் ஏறக்குறைய 2 கோடியே 98 இலட்சம் பேர். சி உடையோர் 55 இலட்சம் பேர். இவர்களுள் மிகப் பலருக்குத் தம்மிடம் கிருமியிருப்பதே தெரியாது. இவ்விரு கூட்டமும் ஒன்றோடொன்று கலக்கும் இடத்திலேதான் நம் அபிஷேகப்பாக்கத்து நண்பர் நிற்கிறார்: ஒரே ஈரலில் இரு குடித்தனம்.

இவ்விரு குடித்தனக்காரரின் உறவு சற்று விசித்திரமானது. ஹெபடைடிஸ் சி-யில் மூன்றாம் மரபுவகை என்று ஒன்றுண்டு. இந்தியாவில் மிகுதியாகக் காணப்படுவது அதுவே. அது ஈரலில் தானே கொழுப்பை ஏற்றவல்லது. ஆனால் ஏறக்குறைய மூன்று மாத மாத்திரையால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு சி கிருமி அறவே நீங்கிவிடுகிறது. கிருமி போனால் அது ஏற்றிய கொழுப்பும் பெரும்பாலும் குறைகிறது. ஹெபடைடிஸ் பி-யில் அவ்வாறன்று. அங்கே கொழுப்பைக் கொண்டுவருவது கிருமியல்ல. உணவும், உழைப்பின்மையும், பருமனும், நீரிழிவுமே. ஆதலின் கிருமியை அடக்கும் மாத்திரை கொழுப்பைக் கரைக்காது. டெனோஃபோவிர் உண்டு கிருமி முழுவதும் அடங்கிய பின்னும், எஸ்.ஜி.பி.டி. எனும் ஈரற் கணக்கு உயர்ந்தே நிற்குமானால், குற்றவாளி கொழுப்பாயிருக்கலாம் என்று மருத்துவர்கள் ஐயுறுவது இதனாலேயே.

கொழுப்பு ஈரல் உடையோரின் இரத்தத்தில் பி கிருமியின் அளவு சற்றுக் குறைந்து காணப்படுவதாக ஆசிய நாடுகளின் ஆய்வுகள் பல கூறுகின்றன. இதைக் கேட்டவுடன், 'அப்படியானால் கொழுப்பு நல்லதுதானே' என்று நம்மிடமே ஒருவர் வாதிட்டார். நல்லதன்று. கிருமியின் எண்ணிக்கை ஒன்று. ஈரலில் விழும் தழும்பு வேறொன்று. நீரிழிவும் பருமனும் உடைய பி கிருமிக்காரர்களுக்கு ஈரற் புற்று வரும் அபாயம் கூடுதலென்று தைவான் நாட்டில் பல்லாண்டு மக்களைத் தொடர்ந்து கவனித்தவர்கள் கண்டிருக்கின்றனர். 'கிருமி அடங்கியிருக்கிறது' என்னும் சொல்லைக் கேட்டு நிம்மதியாய் உறங்கிவிடுவோர், தம் இடுப்பளவையும் இரத்தச் சர்க்கரையையும் பார்த்த பின்பு உறங்குவது நலம்.

கீழாநெல்லியைப் பற்றிக் கூறாது சென்றால் வாசகர்கள் நம்மை விடமாட்டார்கள். அதனை இகழ்வது நம் நோக்கமன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் எஸ். பி. தியாகராஜனும் அவர் குழுவினரும் கீழாநெல்லி இனத்துச் செடியொன்றைப் பொடித்து, பி கிருமி உடையோர்க்கு 30 நாட்கள் கொடுத்துப் பார்த்தனர். மருந்துண்டோரில் 59 விழுக்காட்டினரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி உண்டோரில் 4 விழுக்காடு மட்டுமே. 1988-ல் 'லான்செட்' இதழில் இது வெளியானபோது உலகமே தமிழகத்தைத் திரும்பிப் பார்த்தது. பி கிருமியைக் கண்டறிந்து 1976-ல் நோபெல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் அக்கட்டுரையாளருள் ஒருவர். ஆயின் தாய்லாந்து முதலிய பிற இடங்களில் சோதித்தபோது அப்பலன் கிட்டவில்லை. பின்னர் அனைத்து ஆய்வுகளையும் சேர்த்துச் சீர்தூக்கியவர்கள், போதிய சான்றில்லை என்றே 2011-ல் முடிவு கூறினர். ஆய்ந்தவர்கள் நேர்மையாகவே ஆய்ந்தனர். மறுமுறை சோதித்தவர்களும் நேர்மையாகவே சோதித்தனர். அறிவியல் நடக்கும் வழி அது. நாம் அஞ்சுவது வேறொன்றுக்கு. பாகூர்ப் பக்கம் ஒரு தாய், மருத்துவர் நாள்தோறும் உண்ணச் சொன்ன மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டுக் கீழாநெல்லிச் சாறு குடித்து வந்தார். நான்கு மாதத்தில் கண்கள் மஞ்சளாகி, வயிறு வீங்கி, மருத்துவமனையில் அவரை நாம் கண்ட கோலம் இன்னும் மறக்கவில்லை. பிழைத்துக்கொண்டார். மாத்திரையைச் சட்டென நிறுத்தினால் அடங்கியிருந்த கிருமி பொங்கி எழக்கூடும். மருத்துவரைக் கேளாமல் ஒரு நாளும் நிறுத்தலாகாது.

மதுவைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. பி கிருமி உடையவர்க்கு 'இவ்வளவு குடித்தால் பாதகமில்லை' என்ற அளவே கிடையாது. சாராயமாயினும் கள்ளாயினும் பீராயினும் ஒன்றே.

பின் செய்யத்தக்கது யாது? கிருமியை உடலினின்று அடியோடு அகற்றும் மருந்து ஹெபடைடிஸ் பி-க்கு இன்னும் கைவரவில்லை. அடக்கி வைக்கும் மருந்தே உண்டு. கொழுப்போ அகற்றத்தக்கது. இருவருள் ஒருவனையேனும் வீட்டைவிட்டு வெளியேற்ற முடியும் என்பது பெரிய ஆறுதலன்றோ! உடல் எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு குறைந்தாலே ஈரற் கொழுப்பு குறையத் தொடங்குகிறது. ஏழு முதல் பத்துப் பங்கு குறைந்தால் அழற்சி தணிந்து, தழும்பும் ஓரளவு ஆறக்கூடும் என்கின்றனர். நம் நண்பரின் எடை 82 கிலோ. அவர் குறைக்க வேண்டியது ஆறு முதல் எட்டு கிலோ.

மருத்துவர் அவருக்குச் சொன்னதை நாம் உடனிருந்து கேட்டோம். குளுக்கோஸ், கரும்புச் சாறு, புட்டிகளில் விற்கும் பழ பானம் ஆகிய மூன்றும் அன்றே நிற்க வேண்டும். சோறு பாதியாக; அவ்விடத்தைக் கீரையும் காயும் சுண்டலும் நிரப்பட்டும். மீன் குழம்பு தாராளமாக உண்ணலாம். முட்டையின் மஞ்சட் கருவையும் எறிய வேண்டியதில்லை. தாளிக்க அளவான எண்ணெய் தவறன்று. சர்க்கரை போடாத காப்பி நல்லது. அது ஈரலின் தழும்பைக் குறைப்பதாகத் தெரிகிறது. நாள்தோறும் வியர்க்க நடக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தமும் ஸ்கேனும் பார்க்க வேண்டும். இதைக் கேட்டபோது எட்டு ஆண்டுகளுக்குப் பின் மீன் குழம்புக்கு அனுமதி கிடைத்த அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! 2018 ஜூலை 28-ஆம் நாள் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம் என்பதையும் அன்றுதான் அவர் அறிந்தார்.

ஆனால் அந்த வீட்டில் கொழுப்பைவிடக் கனமான ஒன்று வேறு இருந்தது. எட்டு ஆண்டுகளாக அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். பிள்ளைகள் அருகில் படுப்பதில்லை. இவ்வளவு ஒதுக்கி வைத்தவர்கள், செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் செய்யவில்லை: வீட்டிலுள்ள எவரும் இரத்தம் சோதித்துக்கொள்ளவில்லை. தட்டினாலும் டம்ளராலும், தொடுவதாலும் கட்டித் தழுவுவதாலும் இக்கிருமி பரவாது. சவரக் கத்தியையும் பல் துலக்கியையும் பகிர்வதால் பரவக்கூடும். அவையோ அவ்வீட்டில் தகப்பனுக்கும் மகனுக்கும் பொதுவாக இருந்தன!

மிகுந்த தயக்கத்துக்குப் பின் அனைவரும் சோதித்துக்கொண்டனர். மனைவிக்கும் மகளுக்கும் இல்லை. இருவருக்கும் தடுப்பூசி போடப்பட்டது. 22 வயது மகனுக்கு இருந்தது. முதிய தாயாருக்கும் இருந்தது. அவர் ஈரலில் யாதொரு கேடுமில்லை. முடிவுகள் வந்த மறுநாள் அந்த அம்மாள் நம்மைத் தேடி வந்து, வெகுநேரம் பேசாமல் அமர்ந்திருந்து, பின் கேட்டார்: "அப்போ நான்தான் கொடுத்தேனா சாமி, என் பிள்ளைக்கு?"

பெரும்பாலும் அவ்வாறே நிகழ்ந்திருக்கும். பிறக்கும்போது தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளிடம் இக்கிருமி நிலைத்துவிடுகிறது. வளர்ந்தவர்க்குத் தொற்றினால் ஐவருக்குக்கூட நிலைப்பதில்லை. ஆனால் அந்த அம்மாள் அவரைப் பெற்றெடுத்தபோது இதற்கான தடுப்பூசி உலகில் எங்குமே விற்பனைக்கு வரவில்லை. அமெரிக்காவில் முதன்முதல் அனுமதி பெற்றதே 1981-ல்தான். அதை அவருக்கு எடுத்துரைத்தோம். பாவமும் இல்லை, குற்றமும் இல்லை, அக்காலத்தில் எவருக்கும் இல்லாத ஒன்றை நீங்கள் எங்கிருந்து கொடுத்திருக்க முடியும் என்றோம். இன்று பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் அந்த ஊசி அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடப்படுகிறது. நம்மிடம் திருமண ஆயத்தத்துக்கு வரும் இளைஞர்களிடம் இதைச் சொல்லத் தொடங்கியிருக்கிறோம். மணப்பெண்ணின் இரத்தத்தில் கிருமி இருந்தால் மணத்தை முறிக்க வேண்டியதில்லை. மணமகன் ஊசி போட்டுக்கொண்டால் போதும். பிள்ளைக்கு அன்றைய தினமே ஊசி. அம்மாள் கண்களைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முழுதும் சமாதானமானார் என்று நாம் சொல்ல மாட்டோம்.

ஐப்பசி மாதத்தில் மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்றோம். நம் நண்பரின் எடை 76 கிலோ. புதிய ஸ்கேனில் கொழுப்பு முதல் நிலைக்கு இறங்கியிருந்தது. மகனுக்கு இப்போதைக்கு மாத்திரை தேவையில்லை என்று மருத்துவர் கூறியிருக்கிறார். ஆனால் அவனுக்கும் தொந்தி வைக்கத் தொடங்கியிருப்பதால், தகப்பனார் விடியற்காலையில் அவனை எழுப்பி இழுத்துக்கொண்டு நடக்கிறார். தட்டுகள் யாவும் இப்போது ஒரே அலமாரியில் இருக்கின்றன. நாம் விடைபெறும் வேளையில் அம்மாள் உள்ளிருந்து பிரிக்காத இரண்டு குளுக்கோஸ் டப்பாக்களைக் கொண்டுவந்து காட்டி, கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்ள மறுக்கிறான், இவற்றை என்ன செய்வது என்று நம்மைக் கேட்டார்.